புள்ளி எதை அளக்கிறது? தன்னார்வக் கணிமைப் போட்டிகளில் நியாயமும் அணிச் சமநிலையும்

சும்மா இருக்கும் நேரத்தில் நம் கணினியின் திறனை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதுதான் தன்னார்வக் கணிமை. சின்ன நிரல் ஒன்றை நிறுவிவிட்டால் போதும். ஆய்வகத்தின் சர்வரிலிருந்து ஒரு வேலைத் துண்டு இறங்கும், கணினி அதைக் கணக்கிட்டு முடிவைத் திருப்பி அனுப்பும், அடுத்த துண்டு வரும். அந்தத் துண்டுக்கு வொர்க் யூனிட் என்று பெயர். 1999 மே மாதம் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, வேற்றுலக உயிர்களின் வானொலிச் சைகைகளைத் தேடிய செட்டி அட் ஹோம் இந்த முறையை லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோனது. 2000 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டில் ஃபோல்டிங் அட் ஹோம் வந்தது. புரதங்கள் எப்படி மடிகின்றன, எப்படி அசைகின்றன என்று கணக்கிட்டு அல்சைமர், புற்றுநோய் போன்ற நோய்களைப் புரிந்துகொள்ள உதவுவது அதன் வேலை. 2004 நவம்பரில் ஐபிஎம் தொடங்கிய வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்டை இப்போது டொரன்டோவில் உள்ள கிரெம்பில் ஆய்வு நிறுவனம் நடத்துகிறது.

இதில் யாருக்கும் சம்பளம் இல்லை. மின்கட்டணம் கட்டுகிறவருக்குத் திரும்பக் கிடைப்பது ஓர் எண் மட்டும்தான்: புள்ளி. புள்ளி வந்ததும் பட்டியல் வந்தது, பட்டியல் வந்ததும் அணிகள் வந்தன, அணிகள் வந்தபின் போட்டி வராமல் இருக்குமா? ஒரு மாதப் பந்தயம், மூன்று நாள் ஓட்டம், ஆண்டு முழுவதும் நடக்கும் லீக் என்று பல வடிவங்களில் நடக்கின்றன. போட்டி அறிவித்தால் தூங்கிக்கிடந்த கணினிகள் எழுந்து ஓடும், ஆய்வுக்கு உண்மையான லாபம் உண்டு. கூடவே சண்டையும் வரும். "அவர்கள் அணியில் ஒருவரிடம் மட்டும் எட்டு கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது, நாங்கள் எதற்கு ஓட வேண்டும்?" என்ற கேள்வி எழாத போட்டியே கிடையாது.

இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். புள்ளி என்பது ஆய்வுக்கு எவ்வளவு பயன் கிடைத்தது என்பதை அளக்க உருவான அளவுகோல். போட்டியோ மனிதர்களின் முயற்சியை ஒப்பிட நினைக்கிறது. முதலாவதற்கான கோலை எடுத்து இரண்டாவதை அளந்தால் கோணலாகத்தான் வரும். அந்தக் கோணலைப் புள்ளிமுறையில் கைவைத்துச் சரிசெய்யக் கூடாது, போட்டியின் அமைப்பில்தான் சரிசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று விளங்க, புள்ளி எப்படிக் கணக்காகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் செட்டி அட் ஹோமில் எத்தனை வொர்க் யூனிட் முடித்தீர்கள் என்பதுதான் கணக்கு. எளிமையாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணிக்கை மட்டுமே மதிப்பு என்றானதும், கணக்கே போடாமல் போலி முடிவை அனுப்பும் வகையில் நிரலை மாற்றியவர்கள் வந்தார்கள். ஒரே வேலையை வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்து விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் வழக்கம் இதனால் வலுப்பட்டது. பின்னர் பெர்க்லியில் டேவிட் ஆண்டர்சன் தலைமையில் உருவான, பல ஆய்வுத் திட்டங்கள் ஓடும் பாயிங்க் என்ற பொதுத்தளம் வேறு வழியை எடுத்தது. நொடிக்கு நூறு கோடிக் கணக்குகள் போடக்கூடிய ஒரு மாதிரிக் கணினி ஒரு நாள் முழுக்க ஓடினால் 200 புள்ளி. இந்த அலகுக்குக் காபிள்ஸ்டோன் என்று பெயர், செட்டி அட் ஹோமில் பணியாற்றிய ஜெஃப் காப் பெயரை ஒட்டி வைத்தது. கணினியின் வேகச் சோதனை மதிப்பெண்ணை, அது உழைத்த நேரத்தோடு பெருக்கினால் கோரும் புள்ளி வரும். அப்புறம் என்ன, வேகச் சோதனையில் மட்டும் உயர்ந்த எண் காட்டும்படி மாற்றிய நிரல்கள் கிளம்பின. ஒரே வேலையைச் செய்த பலர் கோரும் புள்ளிகளில் உச்சத்தையும் அடியையும் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதைக் கொடுப்பது போன்ற தடுப்புகள் தேவைப்பட்டன.

இன்னொரு சிக்கல், பாயிங்க் தளத்தில் ஒவ்வொரு திட்டமும் தன் புள்ளியைத் தானே முடிவு செய்கிறது. ஒரு திட்டம் தாராளமாக அள்ளிக் கொடுக்கும், இன்னொன்று கறாராக எண்ணிக் கொடுக்கும். பிட்காயின் தோண்டுவதற்கென்றே செய்த சில்லுகளை ஏற்றுக்கொண்ட ஒரு திட்டம் வந்தபோது, அது கொடுத்த புள்ளிகளின் முன்னால் பல ஆண்டு உழைப்புகள் தூசாகிவிட்டன. எல்லாத் திட்டப் புள்ளிகளையும் கூட்டிப்போட்ட பட்டியலை அதற்குப் பிறகு நம்பி ஒப்பிட முடியவில்லை.

ஃபோல்டிங் அட் ஹோமின் முறை இவற்றிலிருந்து வேறுபட்டது, அணிச் சமநிலைப் பிரச்சினை மிகக் கூர்மையாகத் தெரிவதும் அங்கேதான். ஒவ்வொரு வொர்க் யூனிட்டுக்கும் ஓர் அடிப்படைப் புள்ளி உண்டு. அதை விரைவாகத் திருப்பி அனுப்பினால் போனஸ் உண்டு. கெடு நேரத்தை, வேலையை முடிக்க ஆன நேரத்தால் வகுத்து, திட்டத்துக்குத் திட்டம் மாறும் ஒரு மாறிலியால் பெருக்கி, வரும் எண்ணின் வர்க்கமூலத்தை அடிப்படைப் புள்ளியோடு பெருக்குகிறார்கள். இந்தப் போனஸ் வேண்டுமென்றால் பாஸ்கீ என்ற அடையாள எண் வாங்கி, அதில் குறைந்தது 10 வொர்க் யூனிட் முடித்திருக்க வேண்டும். எடுத்த வேலையில் 80 சதவீதத்தையாவது ஒழுங்காகத் திருப்பியிருக்கவும் வேண்டும்.

வர்க்கமூலம் என்றதும் ஏதோ வித்தியாசத்தைக் குறைக்கிற ஏற்பாடு மாதிரித் தோன்றும். நடப்பது நேர்மாறு. இரண்டு கார்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று மற்றதைவிட நான்கு மடங்கு வேகம். ஒரே வொர்க் யூனிட்டுக்கு வேகமான கார்டு வாங்கும் புள்ளி, நான்கின் வர்க்கமூலம், அதாவது இரண்டு மடங்கு. அதே ஒரு நாளில் அது முடிக்கும் வொர்க் யூனிட்டுகளோ நான்கு மடங்கு. ஆக ஒரு நாள் கணக்கில் எட்டு மடங்கு. ஒன்பது மடங்கு வேகமான கார்டு என்றால் இருபத்தேழு மடங்கு. சாதாரண மேசைக் கணினியின் செயலி (சிபியு) மட்டும் ஓடினால் ஒரு நாளில் சில பத்தாயிரம் முதல் ஒன்றிரண்டு லட்சம் புள்ளி வரும். உச்சநிலை கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று ஒரே நாளில் கோடியைத் தாண்டிப் போய்விடும்.

இது அநியாயமா? ஆய்வின் பக்கமிருந்து பார்த்தால் இல்லை. புரதத்தின் அசைவைக் கணக்கிடும்போது நீண்ட ஓட்டம் ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டித் தருகிறார்கள். முதல் துண்டு எந்த நிலையில் முடிந்ததோ அங்கிருந்துதான் இரண்டாம் துண்டு தொடங்க முடியும். முதல் துண்டை வைத்திருப்பவர் மூன்று நாள் எடுத்துக்கொண்டால், அந்த ஓட்டம் மூன்று நாளும் அப்படியே நிற்கும். அந்த ஒரு ஓட்டத்தைப் பொறுத்தவரை நூறு பேர் சேர்ந்து மெதுவாகச் செய்வதும் ஒருவர் விரைவாகச் செய்வதும் ஒன்றாகாது. எனவே வேகத்துக்கு விகிதத்தை மீறிய மதிப்பு கொடுத்திருப்பது சரியான முடிவே. அது ஆய்வாளரின் உண்மையான தேவையைச் சொல்கிறது. அணிகளுக்குள் சமநிலை வேண்டும் என்பதற்காக இந்தப் போனஸை எடுத்துவிடச் சொல்வது, போட்டிக்காக ஆய்வைத் திருத்தச் சொல்வதாகிவிடும்.

இந்தப் போனஸ் இன்னொரு தொல்லையையும் தானாகவே தீர்த்துவிடுகிறது. பாயிங்க் போட்டிகளில் பங்கரிங் என்று ஒரு தந்திரம் உண்டு. போட்டி தொடங்குவதற்கு முன்பே வேலைகளை முடித்து, திருப்பி அனுப்பாமல் பதுக்கிவைத்து, தொடக்க மணி அடித்ததும் மொத்தமாகக் கொட்டுவது. செட்டி.ஜெர்மனி அணி 2010 முதல் நடத்திவரும் பாயிங்க் பென்டத்லான் என்ற பல திட்டப் போட்டியில் இது பேர்போன உத்தி. எந்தத் திட்டம் வரும் என்று ஊகித்துப் பதுக்குவதே அங்கே பாதி விளையாட்டு. ரசிப்பவர்கள் நிறைய பேர், அதிலுள்ள சாமர்த்தியத்தை நானும் மறுக்கவில்லை. ஆனாலும் விலை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் முடிவுகள் வந்து விழுவதால் சிறிய ஆய்வுக் குழுவின் சர்வர் திணறும். அதே வேலையை நேர்மையாக முடித்துவிட்டு, சரிபார்ப்புக்கு இணைவிடை வர வேண்டுமே என்று காத்திருக்கும் யாரோ ஒருவரின் புள்ளியும் நாள்கணக்கில் தொங்கும். பகா எண்களைத் தேடும் பிரைம்கிரிட் திட்டம் தன் சவால்களில் இதை ஒரே விதியால் தடுக்கிறது: போட்டி தொடங்கிய பிறகு இறக்கி, முடிவதற்குள் திருப்பிய வேலை மட்டுமே கணக்கு. ஃபோல்டிங் அட் ஹோமில் அந்த விதிகூட வேண்டியதில்லை. பதுக்கிவைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் போனஸ் கரைந்துகொண்டிருக்கும்.

சரி, புள்ளிமுறையை விட்டுவிடுவோம். அணிகளை எப்படிப் பிரிப்பது?

எல்லோரும் முதலில் நினைப்பது, மொத்தத் திறனைச் சமமாகப் பங்கிட்டால் போதும் என்று. எட்டுப் பேர் இருக்கிறார்கள், அவர்களுடைய ஒரு நாள் உற்பத்தி, லட்சப் புள்ளிகளில், 20, 9, 8, 4, 3, 2, 1, 1 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அணிகள். விளையாட்டுகளில் வழக்கமாகச் செய்வதுபோல முதல் தேர்வு ஓர் அணிக்கு, அடுத்த இரண்டு மற்ற அணிக்கு, பிறகு திரும்ப முதல் அணிக்கு இரண்டு, அடுத்த இருவர் மற்ற அணிக்கு, கடைசி ஆள் முதல் அணிக்கு என்று வளைந்து வளைந்து எடுத்தால், முதல் அணிக்கு 20, 4, 3, 1. மொத்தம் 28. இரண்டாம் அணிக்கு 9, 8, 2, 1. மொத்தம் 20. வித்தியாசம் எட்டு. வீரர்களின் திறன் ஓரளவு நெருங்கியிருக்கும் விளையாட்டுகளில் இந்த முறை நன்றாக வேலை செய்யும். இங்கே உச்சியில் இருப்பவர் தனியாளாகவே ஒரு அணிக்குச் சமம், அதனால் இப்படி மாறிமாறி எடுக்கும்போது தராசு அவர் பக்கம்தான் சாயும்.

சமமாக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. உதாரணமாக 20-ம் 4-ம் ஓர் அணி, மீதி ஆறு பேர் இன்னோர் அணி. இரண்டு பக்கமும் 24. காகிதத்தில் பார்த்தால் இதைவிடச் சமமாகப் பிரிக்கவே முடியாது. நடைமுறையில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இரண்டே பேர், அதில் 20 தருபவருடைய பவர் சப்ளை பழுதானால் அணி 24-லிருந்து 4-க்கு விழுந்துவிடும். மற்ற பக்கம் ஆறு பேர், அவர்களில் யாரோ ஒருவர் ஊருக்குப் போனாலும் பெரிய சேதம் இல்லை. ஆனால் அந்த ஆறில் கடைசி இருவருக்குத் தாங்கள் ஓடுவதும் ஓடாததும் ஒன்றுதான் என்று இரண்டாம் நாளே புரிந்துவிடும். கூட்டல் கணக்கில் வரும் சமநிலை வேறு, போட்டி நடந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவருக்கும் தன் பங்கு முக்கியம் என்று தோன்ற வைக்கும் சமநிலை வேறு. தொண்டுக்காக நடக்கும் போட்டியில் இரண்டாவதுதான் தேவை. தோற்கிறோம் என்று தெரிந்ததும் கணினியை அணைப்பவரால் நஷ்டப்படுவது அவருடைய அணி மட்டும் அல்ல, ஆய்வும்தான்.

இந்த உண்மையை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடுதான் வகைவாரி இடங்கள். மல்யுத்தத்தில் எடைப்பிரிவு இருப்பதுபோல, ஒவ்வோர் அணிக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இடங்கள், ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வன்பொருள் வகை. உயர்நிலை கார்டு ஒன்று, நடுத்தரக் கார்டு ஒன்று, பழைய தலைமுறைக் கார்டு ஒன்று, செயலி மட்டும் ஓட்டுபவர் ஒருவர் என்ற மாதிரி. ஓர் இடத்தில் ஓர் ஆள், அவருக்கு ஒரே ஒரு கார்டு. எட்டுக் கார்டு வைத்திருப்பவரும் ஒன்றைத்தான் போட்டிக்குள் ஓட்ட முடியும். மீதி ஏழும் ஆய்வுக்காக வழக்கம்போல வேறு பெயரில் ஓடலாம், யாரும் தடுக்கவில்லை. இந்த முறையில் செயலி மட்டும் வைத்திருப்பவர் அணிக்கு வேண்டாத ஆளாக இல்லாமல் தேடிப்பிடித்துச் சேர்க்கும் ஆளாகிவிடுகிறார். என் பார்வையில் இதுதான் இந்த முறையின் பெரிய வெற்றி.

ஆனால் வகைகளுக்கிடையே எப்படிக் கூட்டுவது? உயர்நிலைக் கார்டின் புள்ளி அப்படியே சேர்ந்தால் மற்ற இடங்கள் மறுபடி தூசாகிவிடும். அதனால் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு பெருக்கல் எண் வைக்கிறார்கள். அந்தக் கார்டு சராசரியாக ஒரு நாளில் தரும் புள்ளியைக் கொண்டு, எல்லாக் கார்டுகளும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வரும்படி. அப்போது வித்தியாசத்தை முடிவு செய்வது ஓட்டுபவரின் கவனம்: கணினி நிற்காமல் ஓடுகிறதா, வேலைகள் பிழையில்லாமல் முடிகின்றனவா, கார்டைச் சூடு ஏறாமல் வைத்திருக்கிறாரா, முடிவைத் திருப்பி அனுப்ப முடியாமல் இணைப்பு அறுந்து கிடக்கிறதா. கடையில் வாங்க முடியாத விஷயங்கள் இவை. போட்டி அளக்க வேண்டியதும் இவற்றைத்தான்.

இந்தப் பெருக்கல் எண்ணில் ஒரு வலி இருக்கிறது. கார்டின் சராசரி நிலையாக நிற்பதில்லை. அணுக்கள் குறைவாக உள்ள சிறிய புரதம் வந்தால், பெரிய கார்டின் ஆயிரக்கணக்கான கணக்கீட்டு மையங்களில் ஒரு பகுதி வேலையில்லாமல் நிற்கும். பெரிய அமைப்பு வந்தால் அதே கார்டு சீறிக்கொண்டு ஓடும். எந்த வொர்க் யூனிட் வரும் என்பது சர்வர் கையில். இதையும் தாண்டி, மென்பொருளே மாறும். 2020 செப்டம்பரில் ஃபோல்டிங் அட் ஹோம் தன் கணக்கீட்டு நிரலில் என்விடியா நிறுவனத்தின் கார்டுகளுக்கு, அந்த நிறுவனத்தின் சொந்தக் கணிமைத் தளமான கியூடாவின் வசதியைச் சேர்த்தது. அதற்குச் சற்று முன்வரை எல்லா நிறுவனக் கார்டுகளும் ஓபன்சிஎல் என்ற பொது வழியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. வேலையைப் பொறுத்து வேகம் 15 சதவீதத்திலிருந்து சில இடங்களில் இரு மடங்கு வரை கூடியது. போட்டி நிறுவனமான ஏஎம்டியின் கார்டு வைத்திருந்தவர்கள் ஒன்றும் தவறு செய்யவில்லை, அவர்கள் கார்டு மெதுவாகிவிடவும் இல்லை. ஆனாலும் முந்தைய வாரம் வரை சரியாக இருந்த பெருக்கல் எண் பட்டியல் ஒரே நாளில் பொய்யானது. முன்பு சொன்ன கணக்கை நினைவில் வையுங்கள்: வேகம் இரு மடங்கானால் ஒரு நாள் புள்ளி ஏறக்குறைய 2.8 மடங்காகும்.

அதனால் பட்டியலைத் திருத்தத்தான் வேண்டும், எப்போது என்பதுதான் கேள்வி. நடுப்போட்டியில் திருத்தினால் முன்னணியில் இருப்பவர்கள் கொதிப்பார்கள், திருத்தாவிட்டால் பின்தங்கியவர்கள் விலகுவார்கள். நாள் குறித்து அறிவித்துவிடுவதுதான் ஒரே வழி என்று நினைக்கிறேன். மாதம் ஒருமுறை, கடந்த மாத உண்மைத் தரவை வைத்து, யார் முன்னால் இருந்தாலும் திருத்தம் வரும் என்று முதல் நாளே எழுதிவைத்துவிட்டால், அது தங்களுக்கு எதிரான சதி என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். திருத்தத்துக்குப் பயன்படுத்திய தரவையும் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். அமைப்பாளர் ஒரு கார்டை மட்டும் கையால் மாற்றினார் என்ற சந்தேகம் வந்துவிட்டால், அப்புறம் எந்த எண்ணையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஏமாற்றைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது பலருக்கு எழும் சந்தேகம். பாயிங்க் தளத்தில், பயனர் மறைத்துவைக்காத வரை, அவருடைய கணினிகளின் செயலி, கார்டு விவரங்களை மற்றவர்களும் பார்க்கலாம். ஃபோல்டிங் அட் ஹோமின் பொதுப் பட்டியலில் பெயர், அணி, புள்ளி, முடித்த வொர்க் யூனிட் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும், எந்தக் கார்டு என்பது தெரியாது. போட்டிக்கென்று தனிப் பயனர்பெயர் வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். அந்தப் பெயரில் வரும் ஒரு நாள் புள்ளியை, அந்தக் கார்டால் எட்டக்கூடிய உச்சத்தோடு ஒப்பிட்டால், இரண்டாவது கார்டு உள்ளே நுழைந்திருப்பது ஓரிரு நாளில் தெரிந்துவிடும். மெல்லியதாக ஐந்து சதவீதம் ஏமாற்றுபவர் தப்பிக்கலாம். அவரைப் பிடிக்க எல்லோர் கணினியிலும் கண்காணிப்பு நிரல் போடச் சொல்வது சரியல்ல. ஐந்து சதவீதத்துக்காக நூறு சதவீதம் பேரைச் சந்தேகப்படுவது தன்னார்வலர்களை விரட்டும் வேலை.

வகைப் பிரிப்புக்கு ஆள்பலம் வேண்டும், நிர்வாகமும் வேண்டும். அது இல்லாத இடங்களில் வேறு வழிகள். ஃபார்முலா பாயிங்க் என்ற போட்டி, பாயிங்க் தளத்து அணிகளை மூன்று லீகுகளாகப் பிரித்து, ஒவ்வொரு திட்டத்திலும் அணி பெறும் இடத்துக்கு ஏற்ப, கார் பந்தயத்தில் போல 25, 18, 15 என்று புள்ளி தருகிறது. எத்தனை கோடி காபிள்ஸ்டோன் குவித்தாலும் முதலிடத்துக்கு 25-தான். தாராளமாகப் புள்ளி அள்ளிக்கொடுக்கும் திட்டமும் கறாரான திட்டமும் அங்கே ஒரே எடை. ஒரு நல்ல பக்கவிளைவும் உண்டு. யாரும் எட்டிப் பார்க்காத சிறு திட்டத்தில் இரண்டு பழைய கணினிகளை ஓட்டினாலே அணிக்குப் புள்ளி தேறும் என்பதால், கவனிப்பாரற்ற ஆய்வுகளுக்கும் ஆள் கிடைக்கிறது.

தன்னையே தான் வெல்லும் முறையும் இருக்கிறது. ஒவ்வோர் அணியும் தன் பழைய சராசரியைவிட எத்தனை சதவீதம் கூட்டியது என்று பார்ப்பது. கேட்க மிக நியாயமாகத் தோன்றும். ஆனால் போட்டிக்கு முந்தைய மாதம் கணினிகளை அணைத்துவைத்துச் சராசரியைக் கீழே இறக்கிவிட்டு, பிறகு மேலே ஏறிக் காட்டுவது சுலபம். அந்த ஒரு மாதம் ஆய்வுக்கு நஷ்டம் என்பதுதான் இதில் மிக மோசம். அடிப்படையாக முந்தைய மாதத்தை எடுக்காமல், கடந்த சில மாதங்களில் அணியின் மிகச் சிறந்த வாரத்தை எடுத்துக்கொண்டால் இந்தத் தந்திரத்தின் பல் பிடுங்கப்பட்டுவிடும். ஆண்டு முழுக்க முழுத்திறனில் ஓடுபவர்களுக்கு ஏற இடமே இல்லாமல் போவது மட்டும் இந்த முறையில் தீராத குறை.

பங்கேற்ற ஆட்களின் எண்ணிக்கையைக் கணக்கிடலாமே என்பார்கள். ஒரே ஆள் பத்துப் பெயரில் வருவதைத் தடுப்பது கடினம். பெரிய குழுக்களுக்கு இது சரிப்படாது.

நேரத்தை அளப்பது இன்னொரு பாதை. வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் புள்ளி, முடிவுகளின் எண்ணிக்கை, ஓடிய நேரம் என்று மூன்று கணக்குகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறது, பதக்கங்களை நேரத்துக்கே கொடுக்கிறது. 14 நாள் ஓடினால் வெண்கலம், 45 நாளுக்கு வெள்ளி, 90 நாளுக்குத் தங்கம் என்று போய், ஐந்து ஆண்டுக்கு வைரம். மெதுவான பழைய கணினிக்கும் ஒரு நாள் ஒரு நாள்தான் என்பதில் ஒரு கண்ணியம் இருக்கிறது. ஆனால் அந்த நேரம் கடிகார நேரம் அல்ல, செயலியின் ஒவ்வோர் இழையும் (ஒரே நேரத்தில் இணையாக ஓடக்கூடிய ஒவ்வொரு வேலைத்தடமும்) உழைத்த நேரத்தின் கூட்டல். 64 இழைகள் உள்ள செயலி ஒன்று ஒரே நாளில் 64 நாள் சேர்க்கும். ஐந்து ஆண்டு என்பது 1,825 நாள், அதாவது அப்படிப்பட்ட செயலிக்கு வைரப் பதக்கம் ஒரு மாதத்துக்குள் வந்துவிடும், நான்கு இழை மடிக்கணினிக்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். கோலை மாற்றினாலும் வன்பொருள் வேறு வாசலில் உள்ளே வந்துவிடுகிறது.

வாடகைக் கணினிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளவுடில் மணிக்கணக்கில் கார்டு எடுத்து ஓட்டுபவர் ஆய்வுக்குத் தன் பணத்தைத்தான் தருகிறார், நன்கொடைதான் அது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் போட்டியின் கடைசி நாளில் யார் அதிகம் செலவு செய்யத் தயார் என்ற ஏலமாக மாறிவிட்டால், மற்ற எல்லோருடைய மாதம் முழுவதுமான உழைப்பும் அடிபட்டுப்போகும். வாடகைக் கணினியைத் தனி வகையாக ஒதுக்குவது நல்லது. அலுவலகத்திலும் கல்லூரியிலும் உள்ள கணினிகளை ஓட்டுபவர்கள் உரியவரின் எழுத்துப்பூர்வ அனுமதி வைத்திருக்க வேண்டும் என்பது இன்னும் முக்கியம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரியின் கணினி நிர்வாகி, டிஸ்ட்ரிபியூட்டட்.நெட் என்ற தன்னார்வக் கணிமைத் திட்டத்தின் நிரலை அங்குள்ள கணினிகளில் நிறுவியதற்காகக் குற்ற வழக்கைச் சந்தித்தார். 2002 தொடக்கத்தில் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 2,100 டாலரும் என்ற உடன்பாட்டில் அது முடிந்தது. உற்சாகம் ஊட்டும் அமைப்பாளர்கள், தங்கள் உற்சாகத்தை நம்பி யாராவது இப்படி மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் உடையவர்கள்.

அணி மாறுதல் பற்றி ஒரு வார்த்தை. ஃபோல்டிங் அட் ஹோமில் ஒரு வொர்க் யூனிட்டின் புள்ளி, அது எந்த அணியின் எண்ணில் திரும்பியதோ அந்த அணியிலேயே தங்கிவிடும். எண்ணை மாற்ற அரை நிமிடம் போதும். எனவே பெரிய ஆள் ஒருவர் கடைசி வாரத்தில் ஏதோ ஓர் அணிக்குத் தாவினால் முடிவே புரண்டுவிடும். சேருவதற்குக் கடைசித் தேதி வைத்து, அதற்குப் பிறகு வந்தவர்களின் புள்ளியைப் போட்டிக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் தீர்ந்தது. நடுவில் ஆள் கழன்றுபோன அணிக்கு, அதே வகையில் மாற்று ஆளைச் சேர்க்கும் வாய்ப்பை மட்டும் திறந்து வைக்கலாம். கார்டு எரிந்துபோனதற்காக ஒருவர் தன் அணித் தோழர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும் நிலை வரக் கூடாது.

போட்டி முடியும் நேரத்தில் நடப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடைசி மணி அடித்ததும் நூற்றுக்கணக்கானோர் கணினியை அப்படியே அணைக்கிறார்கள். பாதி முடிந்த வொர்க் யூனிட்டுகள் அவர்கள் கணினியில் தூங்கும். ஃபோல்டிங் அட் ஹோமில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கெடு. முதல் கெடு தாண்டினால் போனஸ் போய்விடும், அதே வேலை வேறொருவருக்குப் போகும். இரண்டாவதும் தாண்டினால் புள்ளியே கிடையாது. சர்வருக்கு நம் கணினி அணைந்தது தெரியாது என்பதால், முதல் கெடு வரும்வரை அந்த ஓட்டம் முழுவதும் காத்துக் கிடக்கும். இத்தனைக்கும் தவிர்க்கும் வழி கையிலேயே இருக்கிறது. ஃபோல்டிங் அட் ஹோமின் நிரலில் கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு நிற்கச் சொல்லும் பொத்தான் உண்டு, பாயிங்கில் புதிய வேலை வேண்டாம் என்று சொல்லும் வசதி உண்டு. கடைசி மணிக்கு முன் இறக்கிய வேலை, மணி அடித்து ஒரு நாளுக்குள் திரும்பினால் அதையும் கணக்கில் சேர்ப்போம் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால், அந்தப் பொத்தானை அழுத்த எல்லோருக்கும் காரணம் கிடைத்துவிடும்.